பிஎஸ்6 டீசல் வண்டி வைத்திருப்பவர்களே, 'டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைத்துவிட்டது' என்று சொன்னதும் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

நேற்று சாயங்காலம்தான் உண்மை தெரிந்தது. இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. 58,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் வண்டியில் நன்றாக இருந்த சாமானையெல்லாம் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கெட்டுப்போயிருந்தது ஒரே ஒரு வயர். திருப்பூர், கோவைப் பக்கம் டாக்ஸி ஓட்டும் நம் ஆட்கள் யாரும் இதே மாதிரி ஏமாறக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். எப்படிப் பார்த்து நடந்துகொள்வது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னுடையது பிஎஸ்6 (இப்போதைய புகை மாசு விதிப்படி வந்த) டீசல், ஏழு சீட்டர், மஞ்சள் போர்டு. பைபாஸில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் ஒரு குறையும் கிடையாது. மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலை ஏறும்போதுதான் தொல்லை. ஹேர்பின் வளைவில் செகண்ட் கியருக்கு மாற்றி மிதித்தால் திடீரென்று பிக்கப் செத்துவிடும், இன்ஜின் லைட் எரியும். ஓரங்கட்டி, சாவியை ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் பிக்கப் வந்துவிடும். லைட் மட்டும் சில நாள் எரிந்துகொண்டே இருக்கும், அப்புறம் தானாகவே அணைந்துவிடும். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்க, வண்டிக்குள் வயசானவர்களும் குழந்தைகளும் பயந்துபோய் உட்கார்ந்திருக்க, அந்த நிலைமை டிரைவருக்கு மட்டும்தான் புரியும். ஒரு பார்ட்டி பாதி வழியிலேயே வேறு வண்டி பிடித்துப் போய்விட்டது.

அதனால்தான் தெரு ஓர ஷெட் வேண்டாம், பெரிய இடமாகப் போவோம் என்று போனேன். எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிறோம் என்று போர்டு வைத்து, ஆப்பில் புக் செய்தால் வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போகும் வகை சர்வீஸ் சென்டர். ஏசி ஹால், காபி மெஷின், கண்ணாடி வழியாக வேலை நடப்பதைப் பார்க்கலாம். பெயர் போட்டால் வேறு வம்பு வரும், அதனால் போடவில்லை.

ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். சர்வீஸ் அட்வைசர், முப்பது வயசுகூட இருக்காது, டேப்லெட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என்ன கோளாறு என்று ஸ்கேனர் காட்டிய கோடு (code) நம்பரை ஜாப் கார்டிலும் எழுதினார்: பி2456. மத்தியானம் கூப்பிட்டு, நியூஸ் பேப்பரை விரித்து அதன்மேல் கழற்றிய இஜிஆர் வால்வை வைத்தார். உள்ளே கன்னங்கரேல் என்று கரி அப்பிக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. "அண்ணா, இதப் பாருங்க. இது ஒழுங்கா மூடாம நின்னுக்குது. இதுனாலதான் புகை ஜாஸ்தியாகி பிக்கப் விழுகுது. உங்களுக்குத் தொழில் வண்டிங்க. எங்க அப்பா வண்டியா இருந்தாலும் நான் இதைத்தானுங்க பண்ணுவேன்" என்றார். அப்பா என்ற வார்த்தையைச் சொல்லி ஒருத்தர் பேசும்போது யார்தான் சந்தேகப்படுவார்கள்? 31,500 ரூபாய்க்கு வால்வ் மாற்றினார்கள்.

இப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இஜிஆர் வால்வ் என்பது எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் சாமான். ஓடுகிற எந்த டீசல் வண்டியில் கழற்றினாலும் அது கரியாகத்தான் இருக்கும். அந்தக் கரி ஒரு சாட்சியே கிடையாது. அவர்கள் கையால் எழுதிய பி2456 இருக்கிறதே, அதற்கும் இஜிஆருக்கும் சம்பந்தமே இல்லை. சைலன்ஸர் லைனில் இருக்கும் டிபிஎஃப் ஃபில்டருக்கு முன்னால் ஒரு குழாய், பின்னால் ஒரு குழாய் எடுத்து, இரண்டுக்கும் நடுவே பிரஷர் எவ்வளவு வித்தியாசம் என்று அளக்க ஒரு சென்சார் இருக்கும். ஃபில்டரில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்பதை இன்ஜின் கம்ப்யூட்டர் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அந்த சென்சாரின் சர்க்யூட்டில் சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்பதுதான் பி2456-க்கு அர்த்தம். ஃபில்டர் அடைத்துவிட்டது என்றுகூட அந்தக் கோடு சொல்லவில்லை. விடை முதல் நாளே அவர்கள் கையில், அவர்கள் பேப்பரிலேயே இருந்திருக்கிறது. என் வயிறு எரிவது இதற்காகத்தான்.

வால்வ் மாற்றியதும் லைட் அணைந்திருந்தது. அணையாமல் என்ன செய்யும், ஸ்கேனரில் எரேஸ் கொடுத்துவிட்டார்களே! எரேஸ் கொடுத்தால் கோடு மட்டுமா போகிறது? கோளாறு வந்த நிமிஷத்தில் ஆர்பிஎம் என்ன, ஸ்பீடு என்ன, லோடு என்ன என்று கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃபிரேம் கணக்கும் சேர்ந்து அழிந்துவிடும். மலையில் ஏறும்போதுதான் வருகிறது என்பதற்கு இருந்த ஒரே ஆதாரம் அதுதான்.

அடுத்த ஊட்டி சவாரியிலேயே மறுபடி விழுந்துவிட்டது. திரும்பப் போனேன். இந்த முறை "டிபிஎஃப் சோக் ஆயிருக்குதுங்ண்ணா, டவுன்லயே ஓட்டுறதால கரி எரியிறதில்ல" என்றார்கள். நான் டவுனுக்குள் ஓட்டுவதே அபூர்வம் என்று சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹைவேயில் தொடர்ந்து ஓடினாலே புகைச் சூட்டில் கரி கொஞ்சம் கொஞ்சமாக எரியும். மிச்சம் சேர்ந்தால் கம்ப்யூட்டரே கூடுதல் டீசல் விட்டு ஃபில்டரை 600 டிகிரி வாக்கில் சூடாக்கி எரித்துவிடும். கெமிக்கல் கிளீனிங், அந்தக் கரியை ஸ்கேனர் வைத்துக் கட்டாயமாக எரிக்கும் ரீஜென், ஆயில் மாற்றம் எல்லாம் சேர்த்து 19,400. ஸ்கேனிங், லேபர் என்று தனியாக 7,500. மொத்தம் 58,400 ரூபாய். என் வண்டியின் டியூவைக் கட்ட வைத்திருந்த பணம் அது.

அதற்கப்புறமும் லைட் வந்தது. அப்போது அந்த அட்வைசர் குரலைத் தாழ்த்திச் சொன்னது இன்னும் மோசம். "புது டிபிஎஃப் போட்டா லட்சத்துக்கு மேல ஆகுங்க. உள்ள இருக்கறத எடுத்துப்போட்டு சாஃப்ட்வேர் மாத்திரலாங்ண்ணா, லைட்டே வராது." இது சட்டத்துக்கு விரோதம். காற்று மாசு விதியை மீறும் வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அதோடு மூன்று மாதம் லைசென்ஸும் போகும். லைசென்ஸ் போனால் டாக்ஸிக்காரன் எதை வைத்துச் சாப்பிடுவது? வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று கண்டுபிடித்தவர் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். தகர ஷெட், ஒரு ஸ்டூல், கையடக்க ஸ்கேனர் ஒன்று, அவ்வளவுதான். முதலில் கேட்டதே "எப்ப வருதுங்க, எந்த இடத்துல வருது?" என்றுதான். அந்தப் பெரிய இடத்தில் இந்தக் கேள்வியை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. இன்ஜினை ஆஃப் செய்து சாவியை மட்டும் ஆன் செய்து பிரஷர் வித்தியாசத்தைப் பார்த்தார். பூஜ்யம் காட்டியது. "சென்சார் நல்லாருக்குது" என்றார். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டார், ரீடிங் ஆடாமல் நின்றது. அப்புறம் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, என்னைப் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை லேசாக விடச் சொன்னார். இன்ஜின் பாரம் தாங்கி ஒரு பக்கம் சாய்ந்தது. ஸ்கேனரில் நம்பர் குதித்தது! கிளட்சை மிதித்தேன், சரியானது. மறுபடி விட்டேன், மறுபடி குதித்தது.

டார்ச்சை அடித்துக் காட்டினார். சென்சார் கப்ளரிலிருந்து (வயரைச் சென்சாரில் மாட்டும் பிளக்) வரும் வயரிங்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தது. இரும்பு பிராக்கெட்டின் விளிம்பில் வயர் உரசி உரசி, தோல் போய், அரை விரல்கடை நீளத்துக்குச் செம்பு தெரிந்தது. பச்சைக் களிம்புகூட ஏறிவிட்டது. மலை ஏறும்போது இன்ஜின் சாய, வயர் இழுபட்டு, செம்பு பிராக்கெட்டில் பட்டு எர்த் ஆகிறது. பைபாஸில் அந்த அளவுக்குச் சாய்வதில்லை. வயரை வெட்டி ஜாயின்ட் போட்டு, ஸ்லீவ் ஏற்றி, புது கிளிப் போட்டு 450 ரூபாய் வாங்கினார். இன்று காலையில் குன்னூர் வரை ஏற்றிப் பார்த்துவிட்டேன். லைட் வரவில்லை.

நேற்று இரவே வயரின் போட்டோவை அந்த அட்வைசருக்கு அனுப்பினேன். பார்த்ததற்கான நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. இன்று போன் செய்தால் "டிக்கெட் ரெய்ஸ் பண்ணிருக்கேனுங்ண்ணா" என்றார். ஆப்பில் கேட்டால் சென்டரில் கேளுங்கள் என்கிறார்கள், சென்டரில் கேட்டால் ஆப்பில் போடுங்கள் என்கிறார்கள். நேரில் போனேன். மேனேஜர் நிற்க வைத்தே பேசினார். "இது விட்டு விட்டு வர்ற கம்ப்ளைன்ட் சார். ஒவ்வொண்ணா மாத்தித்தான் பார்க்க முடியும்" என்றார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்கு என் 58,400 ரூபாயா? என் பழைய வால்வைக் கொடுங்கள் என்றேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். அப்புறம், வெளி ஆள் வயரிங்கில் கை வைத்துவிட்டதால் அவர்கள் செய்த வேலைக்கு வாரண்டியும் செல்லாதாம். கடைசியாக அடுத்த சர்வீஸில் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறேன் என்றார். இதைச் சொல்ல எப்படி மனசு வந்தது என்று தெரியவில்லை.

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், சவாரிக்குப் போன் வந்துவிட்டது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எரேஸ் கொடுப்பதற்கு முன்னால் ஸ்கேனர் திரையை, ஃப்ரீஸ் ஃபிரேமோடு சேர்த்து, உங்கள் போனில் போட்டோ எடுத்துவிடுங்கள். கோடு நம்பருக்கு என்ன அர்த்தம் என்று நீங்களே தேடிப் பாருங்கள். 'சர்க்யூட்' என்று வந்தால் வயரையும் கப்ளரையும் பார்க்காமல் எந்தச் சாமானையும் மாற்ற விடாதீர்கள். பழைய சாமான் கைக்கு வராமல் பில் கட்டாதீர்கள். டிபிஎஃப்-ஐ எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள். டாக்ஸி என்பதால் நுகர்வோர் புகார் செல்லாது என்று மிரட்டுவார்கள். சொந்தப் பிழைப்புக்கு நாமே ஓட்டுகிற வண்டி என்றால் செல்லும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்துவிட்டேன், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே புகார் கட்டணம் கிடையாது. ஜாப் கார்டைப் பத்திரமாக வையுங்கள். பி2456 என்று அவர்கள் கைப்பட எழுதியது என்னிடம் இருக்கிறது.