பிராகில் பணம் மாற்றினால் ரசீதில் உள்ள நேரத்தைப் பாருங்கள்

செக் நாட்டுத் தலைநகர் பிராகுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பணமாற்றுக் கடையில் நாங்கள் 80 யூரோவுக்கு மேல் இழந்தோம். திரும்ப வாங்கச் சட்டத்திலேயே வழி இருந்திருக்கிறது. அது தெரியாமல் போனதுதான் இன்னும் மனசு ஆறவில்லை.

நான் பெர்லினில் வேலை பார்க்கிறேன். கல்லூரித் தோழர்கள் மூன்று பேர் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே கொருனாதான் நாணயம். தோழர்கள் ஊரிலிருந்தே யூரோ நோட்டாகக் கொண்டுவந்திருந்ததால், போனதும் முதல் வேலையாக மாற்றிவிடலாம் என்று நினைத்தோம்.

கடை வாசலில் கொட்டை எழுத்தில் '0 சதவீத கமிஷன்'. பலகையில் கண்ணில் பட்ட எண் 24.80. அன்றைய சந்தை விலையும் ஏறத்தாழ அதுதான். 300 யூரோவை நீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் ஒரு தாளைத் தள்ளிக் கையெழுத்துக் கேட்டார். பின்னால் வரிசை நின்றது. சதுக்கத்தில் இருக்கும் பழைய வானியல் கடிகாரத்தில் பொம்மைகள் அசைவதை 11 மணிக்குப் பார்க்க வேண்டும் என்ற அவசரம் வேறு. படிக்காமலே போட்டுவிட்டேன். 5,250 கொருனா கொடுத்தார். நான்கு பேரில் ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

அந்த 24.80 அவர்கள் யூரோவை நமக்கு விற்கும் விலை. நம்மிடம் வாங்கும் விலை 17.50. அது கீழே பொடி எழுத்தில் இருந்தது. கமிஷன் எடுக்கவில்லைதான், ஆனால் விலையிலேயே உருவிவிட்டார்கள். நியாயமான கடையில் 7,300 கொருனாவாவது கிடைத்திருக்கும்.

1410-இல் செய்த அந்தக் கடிகாரத்தில் எலும்புக்கூடு மணியடிக்க, இயேசுவின் தூதர்களான அப்போஸ்தலர்களின் உருவங்கள் ஒவ்வொன்றாகச் சன்னலில் வந்து போக, கடைசியில் சேவல் கூவியது. பிறகு சார்லஸ் பாலம், கோட்டை, புனித விட்டஸ் பேராலயம். 1344-இல் தொடங்கி 1929-இல்தான் கட்டி முடித்த கோயில் அது. வண்ணக் கண்ணாடிகளை விட்டு நகர மனசே வரவில்லை. மூன்று மணிக்குக் காபிக்குப் பணம் எடுத்துவைக்கும்போதுதான் தோழன் கேட்டான்: "டேய், 300-க்கு 5,250-ன்னா ஒரு யூரோவுக்குப் பதினேழரைதானேடா வருது?"

விடுதி வரவேற்பில் இருந்த பெண் ரசீதை வாங்கிப் பார்த்தார். விரலை நேரத்தின் மேல் வைத்தார். 10:42. "மூன்று மணி நேரத்துக்குள் போயிருந்தால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும்" என்றார். அப்போது மணி நான்கு. மனசு கேட்காமல் கடைக்குப் போனோம். என் கையெழுத்தைக் காட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

2019 ஏப்ரலிலிருந்து இது அங்கே சட்டம். 1,000 யூரோ மதிப்புக்குள் மாற்றியிருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் ரசீதுடன் போய் வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மறுத்தால், இந்தக் கடைகளைக் கண்காணிக்கும் செக் தேசிய வங்கியிடம் புகார் செய்யலாம். ஆகவே ரசீதில்லாமல் நகராதீர்கள். பணத்தை நீட்டும் முன்பே "300 யூரோவுக்கு என் கைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டு, போனில் வகுத்துப் பாருங்கள்.

தெருவில் வந்து நல்ல விலை தருகிறேன் என்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். செல்லாத பழைய பெலாரஸ் ரூபிளைக் கொருனா என்று கையில் திணிப்பார்கள். அவரை எந்த ரசீதை வைத்துத் தேடுவீர்கள்?

சதுக்கத்துக் கடைகளில் சுட்ட பன்றித் தொடைக்கறி வாங்கினால், எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு. கேட்காமலே பெரிய துண்டாக வெட்டி எடை போடுவார்கள். எவ்வளவு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏடிஎம் இயந்திரம் உங்கள் ஊர்ப் பணத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். கொருனாவிலேயே எடுங்கள், மாற்று விலையை உங்கள் வங்கி போடட்டும்.

மறுநாள் டிராமுக்குள்ளேயே அட்டையைத் தட்டிச் சீட்டு எடுத்தோம். சாப்பாட்டுக்கும் அட்டைதான். தோழர்களிடம் மீதமிருந்த யூரோ நோட்டுகளை மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை.