தைராய்டு மாத்திரை: விடியற்காலையிலா, படுக்கும் முன்பா?

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ் வீடுகளில் பலரும் தைராய்டு குறைபாட்டுக்கான லெவோதைராக்சின் மாத்திரையை விடியற்காலையில் வெறும் வயிற்றில் விழுங்குகிறார்கள். ஆனால் லோக்கல் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் 30 முதல் 60 நிமிடம் பொறுக்காமல் ஃபில்டர் காபியைக் குடித்தால், மருந்து உடலில் சேர்வது குறைந்துவிடும். படுக்கும் முன் உட்கொள்வதற்கு இந்தச் சிக்கல் இல்லை. 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில் அவ்வாறு உட்கொண்டோரின் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்) அளவு மேலும் நன்றாகவே கட்டுப்பட்டது. எனினும், இரவு உணவு முடிந்து 3 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும் என்பதால், 10 மணிக்கு வீடு திரும்பிச் சாப்பிடுவோருக்கு அது ஒத்துவராது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு எந்த வேளையிலும் 4 மணி நேர இடைவெளி தேவை. காபியைத் தள்ளிப்போட முடியாதவர்களுக்கு, முன்னிரவில் சாப்பிடும் வழக்கமிருந்தால், இரவு வேளையையே நான் பரிந்துரைப்பேன். மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டு, 6 முதல் 8 வாரங்களில் டிஎஸ்எச் பரிசோதனையை அவசியம் செய்துகொள்ளுங்கள்.