கார்டா, கையெழுத்தா? பேஸ்பால் சேகரிப்பில் என் கட்சி

அரிசோனாவில் மேசா பக்கம் குடியிருப்பதால் இந்தப் பழக்கம் தானாக ஒட்டிக்கொண்டது. பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடியும்வரை 15 பேஸ்பால் அணிகள் ஃபீனிக்ஸைச் சுற்றி ஸ்பிரிங் டிரெய்னிங் எனும் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் ஆடும். ஆறு வருடமாக வீரர் படம் அச்சிட்ட பேஸ்பால் கார்டும் சேர்க்கிறேன், வீரர்களின் கையெழுத்தும் சேர்க்கிறேன். காசும் நேரமும் கொஞ்சம்தான் என்பவர் எதில் இறங்கலாம் என்று கேட்டால், நேரில் வாங்கும் கையெழுத்தில் என்பேன்.

கார்டின் வசதி தெரிந்ததுதான். கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும். இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், செருப்புப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில் அடங்கும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டால் பாதுகாப்பு முடிந்தது. ஆனால் விலை ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள். 1952-ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, மிக்கி மேன்டில் என்ற வீரரின் கார்டு ஒன்று 2022-ல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது உண்மை. 80களின் கடைசியில் அளவில்லாமல் அச்சடித்த கார்டுகளைச் சீண்ட ஆளில்லை என்பதும் அதே அளவு உண்மை. முதல் வருடம் நான் பெட்டி பெட்டியாகப் பிரித்ததில், போட்ட காசில் கால்வாசிகூடத் திரும்பவில்லை.

கார்டிலேயே கையெழுத்தும் வருமே என்பீர்கள். வரும். 1990-ல் அப்பர் டெக் நிறுவனம், பழைய நட்சத்திர வீரர் ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்ட 2,500 கார்டுகளைப் பாக்கெட்டுகளுக்குள் கலந்து விட்டது. இன்று அது வழக்கமாகிவிட்டது. ஆனால் பல கார்டுகளில் இருப்பது, வீரர் எங்கோ உட்கார்ந்து போட்டுக் கொடுத்த ஸ்டிக்கர். அந்தக் கார்டை அவர் தொட்டதே இல்லை. எனக்கு அது ஒட்டவில்லை.

சரி, கையெழுத்துக்கு வருவோம். இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே கேள்வி: போடும்போது பார்த்தது யார்? 1990களில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தது. தன் போலிக் கையெழுத்துப் போட்ட பந்துகள் விற்பனைக்கு வந்ததைச் சான் டியேகோ அணி வீரர் டோனி க்வின் தானே சுட்டிக்காட்டினார். அதற்குப் பிறகு 2001-ல் பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீக் தன் சொந்தச் சரிபார்ப்பு முறையைக் கொண்டுவந்தது. அதன் விதி எளிது. சரிபார்ப்பவர் கண்ணெதிரே போட்டால்தான் ஹோலோகிராம் முத்திரை ஒட்டுவார். அழகான கையெழுத்து, பழைய சான்றிதழ் எதுவும் செல்லாது.

இந்த விதி எனக்குப் புரிய ஒரு பந்து தேவைப்பட்டது. இணையத்தில் ஒருவரிடம் 90 டாலருக்கு வாங்கினேன், சான்றிதழோடு வந்தது. கார்டு கண்காட்சி ஒன்றில் மூத்த சேகரிப்பாளரிடம் காட்டினேன். வேறு பந்தொன்றைப் பக்கத்தில் வைத்து, "எழுத்து ரொம்ப மெதுவாகப் போட்டிருக்கிறது" என்றார். அவ்வளவுதான், பார்த்து எழுதிய போலியோ என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டது. அந்தப் பந்தை அலமாரியில் வைக்கவும் மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

நேரில் வாங்கினால் இந்த உறுத்தலே இல்லை. மைதானக் கதவு திறந்ததும் உள்ளே போய், வீரர்கள் உட்காரும் டக்அவுட்டைத் தாண்டி மைதான ஓரத்து வேலியருகே நில்லுங்கள். சட்டையில் எழுபது, எண்பது என்று பெரிய எண் போட்ட இளம் வீரர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பந்துக்கு நீல பால்பாயின்ட் பேனா. ஷார்பி மார்க்கர் பேனா பந்தின் தோலில் ஊறிப் பரவிவிடும். கார்டுக்கு ஷார்பி. பளபளப்பான கார்டை முன்பே ரப்பரால் லேசாகத் தேய்த்துக்கொண்டால் மை திரளாது. விலை போகாத என் கார்டுகள் இதற்குத்தான் இப்போது உதவுகின்றன.

விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் என் பேச்சைக் கேட்காதீர்கள். நீங்கள் பார்த்ததை வாங்குபவர் பார்க்கவில்லை. பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனத்திடம் சரிபார்க்கக் கொடுத்தால், சாதாரண வீரரின் கையெழுத்து விலையைவிடக் கட்டணம் கூடுதலாகிவிடும். விற்க நினைப்பவர்களுக்குப் பாக்கெட்டில் வரும் கையெழுத்துக் கார்டே மேல். அச்சிட்ட நிறுவனமே அதற்குச் சாட்சி.

வெயில் பட்டால் மை வெளிறும், அதனால் மூடிய அலமாரியில் வைக்கிறேன். ஆறு வருடத்தில் ஒன்றும் மங்கவில்லை. இருபது வருடக் கதை சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அஞ்சலிலும் முயன்றேன். தபால்தலை ஒட்டிய பதில் உறையோடு ஒன்பது கடிதம் போட்டதில் நான்கு திரும்பி வந்தன. ஒன்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. தவிர, அதையும் யாரும் பார்க்கவில்லையே.

இளம் வீரர்களின் கையெழுத்து பெரும்பாலும் வெறும் கிறுக்கல்தான். வீட்டுக்கு வந்ததும் பெயர், தேதி, மைதானம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் வையுங்கள். முதல் வருடம் எழுதி வைக்காத பதினோரு கார்டுகள் யாருடையவை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.