ஒரே பெயரா, இரண்டா: கிட் ஃபைல்களும் ரெஃப்டேபிளும்

போன மாதம் பெங்களூர் பெள்ளந்தூர் ஆபீஸில் பக்கத்து சீட் தம்பி, “அண்ணே, ஒவ்வொரு தடவை ஃபெட்ச் அடிக்கும்போதும் அதே பிராஞ்ச் மாறின மாதிரி காட்டுது, யாரும் புஷ் பண்ணவே இல்லையே” என்றான். கிட் என்பது கோடின் மாற்றங்களைப் பதிவு செய்து டீமோடு பகிரும் கருவி; பிராஞ்ச் அதில் தனியாக ஓடும் வேலைக் கிளை, புஷ் சர்வருக்கு அனுப்புவது, ஃபெட்ச் அங்கிருந்து எடுப்பது. சர்வரில் பார்த்தால், நான் பெரிய ‘எல்’ போட்டு வைத்த லாகின்-ஃபிக்ஸ் பிராஞ்ச் ஒன்று, வேறொருவர் சின்ன ‘எல்’ போட்டு வைத்தது ஒன்று. என் லினக்ஸில் இரண்டும் தனித்தனியே சமர்த்தாக இருந்தன. அவன் மேக்கின் டிஸ்க் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது, அதனால் அங்கே இரண்டும் ஒரே ஃபைலில் மாறி மாறி ஏறிக்கொண்டிருந்தன.

கிட்டின் பழைய முறையில் பிராஞ்ச் பெயர்தான் ஃபைல் பெயர். அதனால் பெயர் வைப்பது நாம், செல்லுமா என்று சொல்வது டிஸ்க். கடுப்பு என்னவென்றால் அந்த முறை தனக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை: குளோன் செய்யும்போது, அதாவது சர்வரில் இருப்பதை முதல் தடவை நகலெடுக்கும்போது, பெயர்கள் பேக்டு-ரெஃப்ஸ் என்ற ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் வரிவரியாக உட்காருகின்றன, அங்கே பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறுவேறு, ஆகவே முதல் நாள் எல்லாம் சரி, அப்புறம் தனி ஃபைலாக எழுதும்போதுதான் மோதல்.

பிராஞ்ச் பெயர்களைச் சேமிக்கும் புதிய முறைதான் ரெஃப்டேபிள். கூகுளில் ஷான் பியர்ஸ், ஜாவாவில் எழுதப்பட்ட கிட்டான ஜேகிட்டுக்காக வடிவமைத்தது. நம் கிட்டுக்கு 2024 ஏப்ரலில், 2.45 பதிப்பில் வந்தது. பெயர்கள் பைனரி ஃபைலுக்குள் பைட் பைட்டாக இருப்பதால் டிஸ்க் மூக்கை நுழைக்க இடமில்லை. தமிழில் பெயர் வைத்தால் கொஞ்சம் கவனம் வேண்டும்: ‘கொ’வில் ‘க’வோடு சேரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக் டிஸ்க் இதை ஒன்றாகப் பார்க்கும், ரெஃப்டேபிள் இரண்டு பிராஞ்சாக வைத்துக்கொண்டு நம்மைத் தலையைச் சொறிய விடும்.

‘பில்’, ‘பில்/வரி’ இரண்டையும் சேர்த்து வைக்க எதிலும் முடியாது. பழையதில் ஃபைலும் ஃபோல்டரும் இடிக்கும். புதியதில் இடிக்காது, ஆனாலும் பழையதோடு ஒத்துப்போக வேண்டுமே என்று தடுக்கிறார்கள். அது சரியான முடிவு.

லினக்ஸ் மட்டும் உள்ள சின்ன டீமுக்குப் பழையதே போதும். மேக், விண்டோஸ் கலந்திருந்தால் நான் ரெஃப்டேபிளைத்தான் எடுப்பேன். இது அவரவர் குளோன் சமாச்சாரம், டீமே மாற வேண்டியதில்லை. ஆனால் 2.45க்கு முந்தைய கிட் அந்த ரெப்போவை (கோடும் வரலாறும் இருக்கும் ஃபோல்டரை) திறக்காது, இப்போது எந்த பிராஞ்சில் இருக்கிறோம் என்று சொல்லும் ஹெட் ஃபைலை நேராகப் படிக்கும் ஸ்கிரிப்ட்களும் ஏமாறும், ரெஃப்டேபிளில் அந்த ஃபைலில் இருப்பது சும்மா ஒரு பொய்ப் பெயர்.

தம்பி 2.46இல் வந்த ரெஃப்ஸ் மைக்ரேட் கட்டளையால் அன்றே மாற்றிக்கொண்டான், ஃபெட்ச் அடங்கியது. சாயங்காலம் மறுபடி கூப்பிட்டான். அவனே எழுதின டெர்மினல் ப்ராம்ப்டில் பிராஞ்ச் பெயர் ‘டாட் இன்வேலிட்’ என்று வந்திருந்தது.

“அண்ணே, இப்ப நான் எந்த பிராஞ்ச்ல இருக்கேன்?”