மலிவு விலையில் 2 டிபி டிரைவா? பழைய டிஸ்க்கை அழிக்கும் முன் இதைப் படியுங்கள்

பேக்கப் எடுக்க ஆன்லைனில் 1,499 ரூபாய்க்கு 2 டிபி (டெராபைட், சுமார் 2,000 ஜிபி) எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) வாங்கியவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து பழைய டிஸ்க்கில் இன்னும் கை வைக்காதீர்கள். நான் வைத்துவிட்டேன்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால், வீட்டுக் கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு விண்டோஸ் 11 போடலாம் என்று இறங்கினேன். 2009-லிருந்து சேர்ந்த போட்டோ, வீடியோ, ஸ்கேன் பண்ணிய பட்டா, பத்திரம் என்று மொத்தம் 410 ஜிபி இருந்தது. அசல் 2 டிபி எஸ்எஸ்டி பத்தாயிரத்தைத் தாண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், “ஆஃபர்” என்ற ஒரு சொல்லில் விழுந்தேன். நான்கு ஸ்டாருக்கு மேல் ரேட்டிங், நூற்றுக்கணக்கில் பாராட்டு. பிறகுதான் அந்தப் பாராட்டுகளை ஒழுங்காகப் படித்தேன். எல்லாம் “சீக்கிரம் வந்தது, பார்க்க அழகாக இருக்கிறது” ரகம். பார்சல் வந்த அன்றே எழுதியவை. அன்றே டிரைவை நிரப்பிப் பார்த்தவர் யார்?

சொருகியதும் விண்டோஸ் 1.95 டிபி என்று காட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். முதல் அபாயமணி அங்கேயே அடித்திருக்கிறது, எனக்குக் காது கேட்கவில்லை. கம்பெனிகள் ஆயிரம் ஆயிரமாக எண்ணும், விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணும். அதனால் அசல் 2 டிபி டிரைவ் 1.81 என்றுதான் காட்டும். என்னுடையது தாராளமாகக் கூடுதலாகவே காட்டியது!

இரவு 9 மணிக்குக் காப்பி போட்டேன். காலை 7 மணிக்குத்தான் முடிந்தது. யூஎஸ்பி 3 எஸ்எஸ்டி என்று விற்ற பொருளுக்கு, பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்தாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போதும். இதையும் கவனிக்கவில்லை. கோப்புகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. 2009, 2010 ஃபோல்டர்களில் நாலு படம் திறந்து பார்த்தேன், பளிச்சென்று வந்தன. பழைய டிஸ்க்கை ஃபார்மேட் அடித்தேன்.

மூன்று வாரம் கழித்து அம்மா, அப்பாவுடைய அறுபதாம் கல்யாண வீடியோவைக் கேட்டார். திறக்கவில்லை. 2014-க்குப் பிறகு சில ஃபோல்டர்கள் காலி. சிலவற்றில் பெயரும் அளவும் இருக்கின்றன, உள்ளே சரக்கு இல்லை.

டிரைவின் மேல்கூட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்ன கார்டு ரீடர், அதில் 64 ஜிபி மெமரி கார்டு, கனத்துக்காகப் பசை போட்டு ஒட்டிய ஒரு இரும்புத் துண்டு. எஸ்எஸ்டி என்று எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் சிப்பைப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கேட்டால் 2 டிபி என்கிறது. இடம் தீர்ந்த பிறகும் “வாங்கிக்கொண்டேன்” என்று தலையாட்டிவிட்டு, வருவதைக் கீழே போடுகிறது. அதனால் காப்பியில் ஒரு எரர்கூட வராது. காலையில் எண்ணிக்கை சரியாக இருந்தது எப்படி என்றால், கழற்றாமல் பார்த்ததால் விண்டோஸ் தன் நினைவில் இருந்த பட்டியலைக் காட்டியிருக்கிறது. கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுக் கடைசி ஃபோல்டரைத் திறந்திருந்தால் அன்றே குட்டு உடைந்திருக்கும்.

எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது. டிரைவில் சோதனைத் தரவை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். லினக்ஸ்காரர்களுக்கு எஃப்3. என் டிரைவில் வெறும் 100 ஜிபிக்கு ஓட்டினேன். 58 ஜிபிக்கு அப்பால் எழுதியதில் ஒன்றும் திரும்பவில்லை. டிரைவ் வாங்கியவர்கள் அது காலியாக இருக்கும்போதே முழு அளவுக்கும் ஓட்டுங்கள். ஒரு நாள் ஆனாலும் ஆகட்டும்.

கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது. பழையது சுழலும் ஹார்டு டிஸ்க், நான் செய்தது குவிக் ஃபார்மேட். முழு ஃபார்மேட் என்றால் எல்லாவற்றின் மேலும் பூஜ்யம் எழுதியிருக்கும். எஸ்எஸ்டியாக இருந்தாலும் கதை அநேகமாக முடிந்திருக்கும். உடனே கழற்றி, இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற நிரலை ஓட்டினேன். படங்கள் பெரும்பாலும் வந்தன, ஆனால் பெயரும் இல்லை, ஃபோல்டரும் இல்லை, எல்லாம் எண்கள். இணையப் பக்கங்களின் ஐகான்கள்கூடச் சேர்ந்து வந்தன. மனைவியும் நானும் இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறோம். பெரிய வீடியோக்கள் துண்டு துண்டாகிப் போயின. அறுபதாம் கல்யாணத்தில், சித்தப்பா மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த இரண்டு நிமிடம் மட்டும் மிச்சம். ஸ்டூடியோக்காரர் எப்போதோ அழித்துவிட்டார்.

விற்றவரிடம் கேட்டால், “நீங்க திறந்துட்டீங்க சார், வாரண்டி கிடையாது.” தளத்தின் சாட்டில், “ரிட்டர்ன் 7 நாள்தான் சார்.” தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். மின்வணிக விதிகள் 2020-இன்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதைக் குறிப்பிட்டு, இரும்புத் துண்டின் படத்தோடு தளத்துக்கும் அனுப்பினேன். பதினெட்டாம் நாள் 1,499 ரூபாய் திரும்பி வந்தது. விற்பனைப் பக்கமும் காணாமல் போனது.

நேற்று சும்மா தேடிப் பார்த்தேன். அதே கறுப்பு டப்பா, வேறு கடைப் பெயரில். இப்போது 4 டிபியாம். விலை 1,799.