கேற்வே 192.168.137.1 என்றால் காசு கொடுக்காதேங்கோ

பழைய டெஸ்க்ரொப்பை "றவுட்டராக்கித் தாறம்" என்று சொல்லி யாழ். நகரில் ஒரு கடை 32,500 ரூபாவுக்குக் கொடுத்த பெட்டி இது. வாங்கியது கொக்குவிலில் ஒரு வீடு. கடையின் பெயர் இங்கே வேண்டாம். எங்கே எங்கே ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும்.

வீட்டாரின் முறைப்பாடு இரண்டு. இரவில் கரண்ட் போய் வந்தால் காலையில் வைஃபை இல்லை. 100 மெகாபிற் பைபர் லைன் இருந்தும் உள் அறையில் வீடியோ நின்று நின்று ஓடுகிறது. கடைக்காரரைக் கேட்டால் "லைன் பிழை, கொம்பனிக்குச் சொல்லுங்கோ" என்பதுதான் பதில்.

லைன் பிழையில்லை. வைஃபையில் இணைந்த போனில் கேற்வே முகவரி (போன் இன்ரநெற்றுக்குப் போகும் வாசலின் இலக்கம்) 192.168.137.1 என்று காட்டியது. வின்டோஸ் தன் இன்ரநெற் இணைப்பை மற்றவற்றோடு பகிரும்போது தானாக எடுக்கும் முகவரி அது. ஆக, உள்ளே றவுட்டர் மென்பொருள் என்று ஒன்றுமே இல்லை, களவு வின்டோஸ் 7 தான் ஓடுகிறது. வீட்டுப் பாவனையாளருக்கு அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றுவிட்டன.

வைஃபை காலையில் வராததற்குக் காரணமும் இதுதான். வின்டோஸ் 7 இல் உருவாக்கும் வைஃபை, மெஷின் மறுபடி எழும்பும்போது தானாகத் தொடங்காது. யாராவது கட்டளை கொடுக்க வேண்டும். அதற்கு முதல் மெஷின் எழும்ப வேண்டுமே! பயோஸில் (மெஷின் எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) "கரண்ட் திரும்பினால்" என்ற இடம் ஓஃப் என்று கிடந்தது. கீபோட் இல்லையென்று எஃப்1 கேட்டு நிற்கும் அமைப்பும் அப்படியே. இரண்டையும் மாற்றினாலும் நிலைக்காது, ஏனென்றால் அவற்றை நினைவில் வைக்கும் சிஆர் 2032 என்ற காசளவு பற்றரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போனதும் பயோஸ் எல்லாவற்றையும் மறந்து, திகதியும் பழைய ஆண்டுக்குப் போய்விடும். திகதி பிழைத்தால் அந்த மெஷினில் பாதுகாப்பான தளங்கள் சான்றிதழ் பிழை காட்டும்.

அடுத்தது கேபிள் செருகும் நெற்வேர்க் காட். மேலே "கிகாபிற்" என்று ஸ்ரிக்கர். ஸ்ரிக்கரை உரித்தால் சிப்பில் றியல்ரெக் 8139. கிகாபிற் என்றால் 1000 மெகாபிற், இதுவோ 100 மெகாபிற்றுக்கு மேல் போகாத பழைய பிசிஐ காட். இந்த லைனுக்கு அது சமாளிக்கும் என்பது உண்மைதான், ஆனால் கிகாபிற் என்று காசு வாங்கியது களவு. பக்கத்திலேயே கிகாபிற் காட் போடக்கூடிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. கேபிளிலும் அதே கதை. கண்ணாடி போன்ற பிளக்குக்குள் எட்டு வயர் தெரிய வேண்டும், இங்கே 1, 2, 3, 6 என்று நான்குதான். நான்கு வயரில் கிகாபிற் ஓடாது.

வேகத்தை உண்மையில் கொன்றது பின்பக்கம் செருகியிருந்த பெருவிரல் நுனியளவு யூஎஸ்பி வைஃபை. 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும், வெளி அன்ரெனா இல்லை, கடதாசியில் 150 மெகாபிற். அதே அறைக்குள்ளேயே பாதி கிடைத்தால் பெரிய காரியம். பழைய நாற்சார் வீட்டின் கல்லுச் சுவர் இரண்டைத் தாண்டினால் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விட மோசமானது இன்னொன்று. "பராமரிப்புக்கு" என்று, தூரத்திலிருந்து மெஷினை இயக்கும் மென்பொருளைக் கடவுச்சொல்லோடு விட்டு வைத்திருந்தார்கள். வீட்டின் இன்ரநெற் முழுக்க இதற்குள்ளால் போகிறது. அதை அழித்துவிட்டுப் பாவிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். டிஸ்க்கை முழுதாகத் துடைத்து, வைஃபை, பைபர் பெட்டி இரண்டின் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும்.

இதே பெட்டியை ஒழுங்காகவும் செய்யலாம். கோர் 2 டுவோ, 2 ஜிபி றாம் என்பது ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச றவுட்டர் மென்பொருளுக்குத் தாராளம். மதர்போட்டிலுள்ள கிகாபிற் துளை ஒன்று, இன்ரெல் 82574 அல்லது ஐ210 சிப் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் காட் ஒன்று, சின்ன எஸ்எஸ்டி ஒன்று, அவ்வளவுதான். போலி இன்ரெல் காட்டும் சந்தையில் உண்டு, சிப்பின் எழுத்தைக் கண்ணால் பாருங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி முதல் துளையை வீட்டுப் பக்கமாகவும் இரண்டாவதை வெளிப் பக்கமாகவும் எடுக்கும். மாறிச் செருகிவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்கள் பலர். அதன் வீட்டுப் பக்க முகவரி 192.168.1.1. பைபர் பெட்டியும் பெரும்பாலும் அதே முகவரியில்தான் இருக்கும், இரண்டும் முட்டும். 192.168.10.1 என்று மாற்றி, முதல் வேலையாக றூட் (நிர்வாகி) கடவுச்சொல்லைப் போடுங்கள், வரும்போது அது வெறுமையாகத்தான் இருக்கும். பைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (றவுட்டர் வேலை செய்யாமல் லைனைக் கடத்த மட்டும்) மாற்றித் தரும்படி இணைப்புத் தருபவரிடம் கேட்டால் இரட்டை நாற் தொல்லையும் (இரண்டு பெட்டியும் முகவரி மாற்றுவது) போகும்.

வைஃபையை மெஷினுக்குள் தேட வேண்டாம். இன்ரெல் வைஃபை காட்டுகள் பெரும்பாலும் 5 கிகாஹேர்ட்ஸில் அக்சஸ் பொயின்ற்றாக (மற்றவற்றுக்கு வைஃபை கொடுப்பதாக) ஓட மறுக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய வைஃபை றவுட்டரை எடுத்து, முகவரியை 192.168.10.2 ஆக்கி, டிஎச்சிபியை (முகவரி பங்கிடும் வேலையை) நிறுத்தி, கேபிளை அதன் லான் என்ற வீட்டுப் பக்கத் துளையில் (வெளிப் பக்க WAN துளையில் அல்ல) செருகி, நடு விறாந்தையில் வையுங்கள்.

கரண்ட் கணக்கைக் கடைக்காரர் சொல்லமாட்டார். இப்படியான மெஷின் சும்மா நிற்கும்போதே 60 வாற் இழுத்தால் நாளுக்கு 1.44 அலகு, மாதம் 43 அலகு. 60 அலகில் நின்ற வீடு 100ஐத் தாண்டும், அலகின் விலையும் மேல் படிக்கு ஏறும். சாதாரண றவுட்டர் 8 வாற் என்றால் மாதம் 6 அலகு வராது. விளம்பரத் தடுப்பு, விபிஎன் என்று தேவை இருந்தால் ஒழிய இந்தச் செலவு வீண்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கடையிலேயே சுவர்ப் பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பச் செருகச் சொல்லுங்கள். மொனிற்றர், கீபோட் இரண்டும் கழற்றியிருக்க வேண்டும், யாரும் தொடக்கூடாது. போனில் வைஃபை தானாக வர வேண்டும், கேற்வே 137.1 என்று முடியக்கூடாது. பற்றுச்சீட்டில் "கிகாபிற் காட்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாமல் சிப் இலக்கத்தையே எழுதுவியுங்கள்.