கொல்லையில் டிவி மாட்டுவதா, புரொஜெக்டர் வைப்பதா?

கடலூரில் கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எங்கள் வீடு. பின்னால் கிணறு, துவைக்கிற கல், ஒரு கொய்யா மரம், நடுவில் பத்துப் பதினைந்து பேர் தாராளமாக உட்காரும் அளவுக்கு சிமெண்ட் தளம். விடுமுறைக்கு அக்கா, அண்ணன் குடும்பமெல்லாம் வந்துவிட்டால் ஹாலில் கால் வைக்க இடம் இருக்காது. எல்லோரும் கொல்லையில் உட்கார்ந்து படமோ மேட்சோ பார்க்க ஏற்பாடு செய்யலாம் என்று பேசியதும் வழக்கமான கேள்வி வந்தது: பின்சுவரில் ஒரு டிவியை மாட்டிவிடுவதா, புரொஜெக்டர் வாங்குவதா? நாங்கள் புரொஜெக்டர் பக்கம் போனோம். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு, முக்கியமாகக் கடலோர ஊர்க்காரர்களுக்கு, அது ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

பார்த்தவுடன் தெரிகிற விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். விலையில் டிவிதான் மலிவு. 43 அங்குல டிவிக்குக் கொடுப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தால்தான் உருப்படியான புரொஜெக்டர் வரும். படத்தின் பளிச்சிலும் டிவியை மிஞ்ச முடியாது. அளவு என்று வந்தால் கதை மாறும். 100 அங்குலப் படத்தின் பரப்பு 43 அங்குல டிவியைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். பதினைந்தடி தள்ளிக் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்திருக்கும் பெரியவர் சின்ன டிவியில் ஸ்கோரைப் படிக்கச் சிரமப்படுவார்.

வெளிச்சம் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் நவம்பர் கடைசியில் சூரியன் 5.40 வாக்கில் மறைந்துவிடும். ஜூலை தொடக்கத்தில் 6.40 ஆகும். மறைந்து அரைமணி நேரமாவது போனால்தான் புரொஜெக்டருக்கு வேலை. ஆகவே ஐபிஎல்லில் 7.30 மேட்சுக்குப் பிரச்சினை இல்லை, 3.30 மேட்சுக்கு வழியே இல்லை. கடையில் பெட்டிமேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் லூமன் (வெளிச்சத்தின் அளவு) கணக்கையும் நம்பவேண்டாம். ஆன்சி லூமன், அதாவது பொதுவான தர முறைப்படி அளந்த வெளிச்சம், எவ்வளவு என்று கேளுங்கள். சினிமா தியேட்டர் திரைக்கு வகுத்திருக்கும் அளவு சதுர அடிக்கு 14 முதல் 16 லூமன். 100 அங்குலப் படம் கிட்டத்தட்ட 30 சதுர அடி. அப்படியானால் கும்மிருட்டில் 500 ஆன்சி லூமனே போதும். தெருவிளக்கு, பக்கத்து வீட்டு வெளிச்சம் எல்லாம் விழுகிற கொல்லைக்கு 1000-த்துக்குக் குறையாமல் பாருங்கள்.

எங்கள் முடிவை இதெல்லாம் தீர்மானிக்கவில்லை. படம் முடிந்ததும் அந்தப் பொருள் எங்கே இருக்கப்போகிறது என்பதுதான் தீர்மானித்தது. வாரத்துக்கு ஆறு மணி நேரம் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டிய டிவி மீதி 162 மணி நேரமும் வெளியிலேயே கிடக்கும். பார்க்கிற ஆறு மணி நேரத்தை வைத்தே எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். பொருளின் ஆயுளை முடிப்பது அந்த 162 மணி நேரம்.

கடற்காற்றில் உப்பு இருக்கிறது. எங்கள் தெருவில் கேட்டின் கீலையும் ஜன்னல் கம்பியையும் பார்த்தாலே அது என்ன செய்யும் என்று தெரிந்துவிடும். டிவியின் முதுகில் காற்றோட்டத்துக்கு விட்டிருக்கும் துளைகள் வழியாக அதே காற்றுதான் உள்ளே போகிறது. போர்டின்மேல் படியும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஹெச்டிஎம்ஐ சொருகும் இடம் பச்சை பிடிக்கும். கொஞ்ச நாளில் அந்த ஈர உப்பே மின்சாரம் கசிய வழியாகிவிடும். அப்புறம் பல்லி. ரிமோட்டில் அணைத்தாலும் பவர் போர்டு லேசாகச் சூடாகவே இருக்கும் என்பதால் பல்லிக்கும் எறும்புக்கும் அது சுகமான இடம். இரண்டு முனைக்கு நடுவில் ஒரு பல்லி விழுந்தால் போர்டு போய்விடும். டிவி ரிப்பேர் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பல்லி செத்துக் கிடந்த செட் எத்தனை பார்த்தேன் என்று அவர்களே சொல்வார்கள். தண்ணீர், பூச்சி இவற்றால் வரும் பழுதைப் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதும் இல்லை.

மேலே ஷீட் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். நேராக விழும் மழையை ஷீட் தடுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை காற்றோடு வருவதால் சாரல் பக்கவாட்டில் அடிக்கும். மழை விட்டால் மார்கழிப் பனி. அது முடிந்து வெயில் வந்தால், பெரும்பாலான சாதாரண டிவிகளின் கையேட்டில் 40 டிகிரி வரைதான் என்று போட்டிருப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் மேற்குப் பார்த்த சுவர் அதைத் தாண்டிவிடும். சரி, பெட்டி செய்து உள்ளே வைத்துப் பூட்டலாம் என்றால், மூடிய பெட்டிக்குள் ஈரமும் சூடும் அடைபடும். காற்றுக்கு ஓட்டை விட்டால் பல்லி மறுபடி உள்ளே.

வெளியில் வைப்பதற்கென்றே செய்த டிவிகளும் உண்டு. சாம்சங் 2020-இல் ‘தி டெரஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தூசியையும் தண்ணீர்ப் பீச்சலையும் தாங்கும் ஐபி55 தரம் அதற்கு. இந்த வகை டிவிகளுக்கு வெளிச்சமும் சாதாரண டிவியைவிடப் பல மடங்கு. நான் ஒரு விடுதியில்தான் அப்படிப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். பட்டப்பகலில் படம் கண்ணாடிபோலத் தெரிந்தது. ஆனால் அந்த விலைக்கு வீட்டில் வேறு நாலு வேலையை முடித்துவிடலாம்.

டிவியைச் சக்கர ஸ்டாண்டில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவது நடுவழி. படியே இல்லாமல் சாய்தளம் இருக்கிற வீட்டில் இதைத் தாராளமாக யோசிக்கலாம். எங்கள் பின்வாசலில் மூன்று படி. ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் பிடித்து இறக்கும்போது பேனலில் விரல் அழுந்தினால் போதும், கோடு விழுந்துவிடும். பேனல் மாற்றும் செலவு புது டிவி விலையை ஒட்டி வரும்.

இனி புரொஜெக்டர். ஒரு கையால் தூக்கி வரலாம், முடிந்ததும் அலமாரிக்குள் போய்விடும். இதற்கும் பராமரிப்பு இருக்கிறது, ஆனால் எல்லாம் நம் கையில் இருக்கும் பராமரிப்பு. காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை எடுத்துத் தூசி தட்டவேண்டும். லென்ஸை மென்மையான துணியால் துடைக்கவேண்டும், சட்டை நுனியால் கூடாது. ஏசி அறையில் இருந்ததை அப்படியே கொல்லைக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும். இருபது நிமிடம் சும்மா வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். ‘லாம்ப் போய்விடுமே’ என்று பலர் பயப்படுகிறார்கள். லாம்ப் வகையில் 4000 மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், வாரம் ஆறு மணி என்றால் வருடத்துக்கு 312 மணிதான். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வரவேண்டும். நடைமுறையில் லாம்பைக் கெடுப்பது கரண்ட் கட். அணைத்தபிறகும் உள்ளே ஃபேன் சுற்றிச் சூடு இறங்கவேண்டும்; சட்டென்று கரண்ட் போனால் அது நடக்காது. அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் எல்இடி வகை நல்லது, 20,000 மணி நேரம் போல ஆயுள் சொல்கிறார்கள், வீட்டு இன்வெர்ட்டரிலும் எளிதாக ஓடும். லேசர் வகையை நான் வைத்துப் பார்த்ததில்லை.

விற்கப் போனாலும் வித்தியாசம் தெரியும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று புரொஜெக்டரின் மெனுவிலேயே காட்டும், வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும். வெளிச்சுவரில் கிடந்த டிவியின் பின்பக்கத் துருவைப் பார்த்தவர் விலை கேட்காமலே போய்விடுவார்.

புரொஜெக்டரில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. ஸ்டூல் போட்டு, வயர் இழுத்து, படத்தை நேராக்கி உட்காரப் பத்து நிமிடம் ஆகும். அதனால் வாரநாட்களில் நாங்கள் அதைத் தொடுவதே இல்லை. தினம் சாயங்காலம் வெளியில் உட்கார்ந்து செய்தி பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இது ஒத்துவராது.

திரை விஷயத்தில் துணியா சுவரா என்று கேட்டால் சுவர்தான் என்பேன். சாயங்காலக் கடற்காற்றில் துணித்திரை பாய்மரம்போல உப்பிவிடும். நாலு மூலையையும் இழுத்துக் கட்டினாலும் படம் அலையும். 100 அங்குலப் படத்துக்கு ஏழேகால் அடி அகலமும் நாலடிக்குச் சற்று மேல் உயரமும் வேண்டும். எங்கள் பின்சுவரில் சமையலறை ஜன்னலுக்கும் குளியலறைக்கும் நடுவில் எட்டடி வெற்றிடம் இருந்தது. பட்டி பார்த்துத் தேய்த்து, மினுமினுப்பு இல்லாத வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட்டிங் அடித்தோம். மினுங்கும் பெயிண்ட் அடித்தால் நடுவில் விளக்கு எரிவதுபோல ஒரு பொட்டு தெரியும். மேலே சன்ஷேட் இருப்பதால் மழைத்தண்ணீர் நேராக வழிவதில்லை. ஒரு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறேன், கீழ் ஓரத்தில் மட்டும் லேசாகப் பாசி வந்தது. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது. புரொஜெக்டரைச் சுவரிலிருந்து 9 முதல் 11 அடி தள்ளி, சுவருக்கு நேர் எதிரே வையுங்கள். ஓரமாக வைத்துவிட்டு மெனுவில் கோணலைச் சரிசெய்தால் படத்தின் தெளிவும் வெளிச்சமும் குறையும்.

ஒலிக்கும் அதே விதிதான்: எது உள்ளே திரும்பப் போகிறதோ அதை வாங்குங்கள். சக்கரம் வைத்த பெரிய பார்ட்டி ஸ்பீக்கர் ஒன்றா, சின்ன ஸ்பீக்கர் இரண்டா என்றால் எனக்கு இரண்டுதான். வெளியில் ஒலி திரும்பி வரச் சுவர் கிடையாது. தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். தூரத்தில் ஒன்றை அலறவிடுவதைவிட, உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் வைத்து உள்பக்கமாகத் திருப்பிவிட்டால் குறைந்த சத்தத்திலேயே வசனம் புரியும், பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவு இல்லை. புளூடூத்தில் போட்டால் உதட்டசைவுக்குப் பின்னால் குரல் வரும், வயரில் இணைத்துவிடுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நீளமான படம் என்றால் இருட்டியதுமே ஆரம்பித்துவிடுவது நல்லது.

விளக்கும் வயரும்தான் வெளியிலேயே தங்கவேண்டியவை, ஆகவே பணத்தை அங்கே கஞ்சத்தனமில்லாமல் போடுங்கள். சீரியல் பல்பு வாங்கினால் 12 வோல்ட் வகை, ஐபி65 தரம், மஞ்சள் கலந்த வார்ம் ஒயிட். அடாப்டர் வீட்டுக்குள் இருக்கட்டும். பார்ப்பவர்களுக்குப் பின்னால் கொய்யா மரத்திலிருந்து துணிக்கொடிக் கம்பம் வரை இழுத்தோம். சுவரில் வெளிச்சம் விழாது. கிணற்றுக்கு இரும்பு வலை மூடியும், அதன் பக்கத்தில் எப்போதும் எரிகிற ஒரு சின்ன விளக்கும் கட்டாயம். இருட்டில் பிள்ளைகள் ஓடுகிற இடம் அது. மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்பினால் வெள்ளை வெளிச்சத்தைத் தேடித்தான் முதலில் வரும். தூரத்து மூலையில் ஒரு வெள்ளை பல்பைப் போட்டு அடியில் அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் வைத்தால் பெரும்பகுதி அங்கே போய்விடும். கொசுவுக்கு நின்று சுழலும் ஃபேன் ஒன்று போதும், காற்றை எதிர்த்து அதனால் பறக்க முடியாது.

கரண்ட் லைனைத் தனியாக இழுக்கச் சொல்லுங்கள். கிணற்று மோட்டார் இருக்கிற லைனிலேயே கொடுத்தால் மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் இறங்கிப் படம் நின்றுவிடும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நடக்கிற இடம் என்பதால் மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் வெளியில் ஒரு பிளக் பாயிண்ட்டும் வைக்கவேண்டாம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், சொன்னால்தான் அளப்பார்கள்.

சேலம், திருச்சி மாதிரி கடல் தொலைவாக இருக்கிற ஊர், மூன்று பக்கம் சுவர் அடைத்த தாழ்வாரம், பகல் மேட்ச் பார்க்கிற வீடு என்றால் டிவிக்கு ஓட்டுப் போடுவதில் நியாயம் இருக்கிறது. அப்படி மாட்டுகிறவர்கள் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூவும் பிராக்கெட்டும் போடுங்கள், செட்டாப் பாக்ஸை வீட்டுக்குள் வைத்து நீளமான கேபிள் இழுங்கள், பார்க்காத நேரத்தில் ரிமோட்டோடு விட்டுவிடாமல் சுவிட்சையே அணைத்து உறை போட்டு மூடுங்கள். மழைக்காலத்தில் யாரும் பார்க்காவிட்டாலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், உள்ளே சேர்ந்த ஈரம் அந்தச் சூட்டில் காயும்.